பின்னால் ஒரு ஆள் நிற்கும் இடம்

எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"பகல்ல வூட்ல யாரு இருப்பாங்க?"

புத்தலப்பட்டில் ஒரு வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "திருட வர்றவன் கேக்குற கேள்வியாச்சேம்மா இது."

"திருடனுக்கு யாரும் இருக்கக் கூடாது சார். எனக்கு யாராவது இருந்தே ஆவணும்" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. நாங்கள் மேஸ்திரிம்மா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயது சின்னவள், அதனால் இங்கே அவள் என்று எழுதுகிறேன். நேரில் வாங்க, போங்கதான். என்னை அண்ணா என்பாள். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அந்த அண்ணாவுக்கு ஒரு சலுகையும் கிடையாது.

மொட்டை மாடிகளில் சோலார் பலகை போடுகிற வேலை. திருப்பதியில் ஒரு சின்ன கம்பெனி. சித்தூர் ரோட்டு ஊர்களிலும் திருப்பதியைச் சுற்றியும் வேலை வந்துகொண்டே இருந்தது. பெங்களூருக்கும் குவைத்துக்கும் போன பிள்ளைகள் இங்கே வீடு கட்டியிருந்தார்கள். வீடு இருக்கும், மாடி இருக்கும், பிள்ளை மட்டும் இருக்கமாட்டான். பகலில் போனால் ஒரு அம்மாவோ, ஒரு மருமகளோ, கால் வீங்கின ஒரு அப்பாவோ இருப்பார்கள். அவள் கேள்வி அவர்களைப் பற்றியது.

பலகையிலிருந்து வருகிற ஒயர் மாடியிலேயே ஒரு பெட்டிக்குள் போகும். பெட்டியில் ஒரு சிவப்புக் கைப்பிடி. அதைத் திருப்பினால்தான் பலகைக்கும் வீட்டுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும். கீழே மெயினை அணைத்தாலும், தெருவில் கரெண்டே போனாலும், வெயில் அடிக்கிறவரை பெட்டிக்கு வந்து சேருகிற ஒயரில் உயிர் இருக்கும். ஆளைப் பிடித்தால் லேசில் விடாது. இதைப் பெரும்பாலும் யாரும் வீட்டுக்காரருக்குச் சொல்வதில்லை. அவள் சொல்லுவாள். சொல்லிவிட்டு, பெட்டிக்கு இடம் பார்க்க ஆரம்பிப்பாள்.

அதற்கு டேப் எடுக்கமாட்டாள். பகலில் அந்த வீட்டில் இருக்கிறவர்களிலேயே உயரம் குறைந்தவரை மாடிக்கு அழைப்பாள். செருப்பைக் கழற்றச் சொல்வாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்க வேண்டும். "கையைத் தூக்குங்க. எக்காதீங்க." கை தானாகப் போய் நிற்கிற இடத்தில் நீல நிற டெய்லர் சாக்கட்டியால் ஒரு கோடு. அதன்பிறகு அந்த ஆளுக்குப் பின்னால் போய் நின்று, இடுப்புப் பக்கம் துணியைப் பிடித்து ஒரே இழுப்பு. எதிர்பார்க்காதவர்கள் இரண்டு அடி பின்னால் வந்துவிடுவார்கள். முதுகு எதிலும் முட்டவில்லை என்றால் "எடம் போதும்" என்பாள். முட்டினால் கோட்டைப் புறங்கையால் துடைத்துவிட்டு வேறு சுவர் தேடுவாள்.

"எதுக்குமா இஸ்குறீங்க?" என்று எல்லாரும் கேட்பார்கள்.

"முன்னாடி ஒருத்தர் நின்னு புடியைத் திருப்புவாங்க. கரெண்டு அவங்களைப் புடிச்சிக்கினா, பின்னாடி நின்னு இஸ்குறதுக்கு இன்னொருத்தர் வேணும். பொட்டிக்கு எடம் பாக்குறதுன்னா ரெண்டு ஆளுக்கு எடம் பாக்குறது."

இதைக் கேட்டதும் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சுவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள். புது வீட்டில், நல்ல நாள் பார்த்து வேலை ஆரம்பிக்கிற இடத்தில், இப்படிப் பேசுகிறாளே என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

புத்தலப்பட்டு வீட்டிலேயே இன்னொன்றும் நடந்தது. அந்த வீட்டுப் பிள்ளை பெங்களூரிலிருந்து வீடியோ காலில் வந்தான். முன்பக்கம் பெட்டி தெரியக் கூடாது, வீட்டின் அழகு கெட்டுவிடும், படிக்கட்டு அறைக்குப் பின்னால் சன்ஷேடுக்கு மேலே வைத்துவிடுங்கள் என்றான். அவள் போனை அவன் அம்மா பக்கம் திருப்பினாள்.

"உங்க அம்மாவை அங்க தொட்டுக் காட்டச் சொல்லுங்க சார்."

அந்த அம்மா மகனுக்குச் சங்கடம் வரக் கூடாதென்று, "நாற்காலி போட்டுக்கினா எட்டும் கண்ணு" என்றார். மாடியில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதை நோக்கி நடந்தும்விட்டார்.

அவள் போனை என் கையில் திணித்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மூன்று வளைவு படி இறங்கி, கீழே வாசலில் வைத்துவிட்டு வந்தாள். மூச்சு வாங்கியது. போனில் அவன் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தான். பெட்டி முன்பக்கம்தான் வந்தது.

நாற்காலி விஷயத்தில் அவள் எல்லா வீட்டிலும் அப்படித்தான். மாடியில் ஒரு நாற்காலியோ முக்காலியோ கண்ணில் பட்டால் வேலை தொடங்குவதற்கு முன் அதை இறக்கிவிடுவாள். "மாடியில நாற்காலி கெடந்தா, எதையோ எட்டாத எடத்துல வெச்சிக்கிறாங்கன்னு அர்த்தம்ணா." ஒருமுறை பாகாலா ரயில்வே கேட்டில் எங்கள் வேன் நின்றிருந்தபோது நான் கேட்டேன், அப்படி என்ன நாற்காலி மேல் கோபம் என்று. அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என் மொதல் வேலை. எங்க சாந்திபுரத்தாண்டதான். வூட்டுக்காரரு கதவுக்கு மேல வெக்கச் சொன்னாரு, வெச்சேன். ஒருநாளு அந்தம்மா அணைக்கறதுக்கு நாற்காலி போட்டு ஏறினாங்க."

ரயில் போனது. கேட் திறந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. பிளாஸ்டிக் நாற்காலி."

வேன் தண்டவாளத்தைக் கடந்தது.

அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்படித் துண்டு துண்டாகத்தான். அவள் நைனா ஊரார் நிலத்தில் கூலிக்குப் போனவர். பிற்காலத்தில் கையகல நிலம் கிடைத்தது. அவள் பதினேழு வயதில் குப்பம் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூர் துணி கம்பெனிக்குப் போய்வந்தாள். மெஷின் நின்றுபோனால் கழற்றி மாட்டுகிறவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து ஒயர் வேலை பழகிக்கொண்டாள். சாக்கட்டி அந்தக் கம்பெனிப் பழக்கம். அவள் குள்ளம். எங்களோடு வேலை செய்த ரமணா அதை வைத்து ஓட்டுவான்.

"மேஸ்திரிம்மாவுக்கு எட்டல. அதான் ஊர்ல இருக்கிற பொட்டியெல்லாம் எறக்கிக்கினு வர்றாங்க."

அது அவள் காதில் விழுந்துவிட்டது. "ஆமாண்டா. உன்னைக் கரெண்டு புடிச்சா இந்தக் குள்ளச்சிதான் வந்து இஸ்கணும். இப்பவே சட்டையை நல்ல துணியில தெச்சிக்க, கிழிஞ்சி கையோட வந்துடப் போவுது."

என் கதை வேறு. புத்தூரில் எட்டாவது பெயிலானதும் லாரியில் ஏறினவன். திருப்பூரில் பனியன் மூட்டை தூக்கினேன், ஸ்ரீபெரும்புதூரில் போன் கம்பெனி வாசலில் தொப்பி போட்டு நின்றேன், பஹ்ரைனில் ஐந்து வருஷம் கட்டடங்களுக்கு இரும்புச் சாரம் கட்டினேன். சாரக்காரனுக்கு எட்டாத இடம் என்று ஒன்று கிடையாது. ஒரு காலை எங்காவது கோத்துக்கொண்டு உடம்பை நீட்டினால் போதும். என் கையும் நீளம். அதனால் இடம் குறிக்கிற விஷயத்தில் அவள் செய்வது எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஒருமுறை, "இதுக்கு மேலேயே வெக்கலாமே, சுலபமா எட்டுது பாருங்க" என்று கையை நீட்டிக் காட்டினேன்.

"உங்க கை அளவுக்கு ஊரு இல்லைண்ணா" என்றாள்.

திருச்சானூர் லாட்ஜ் வேலை வந்தது அப்போதுதான்.

மூன்று மாடி லாட்ஜ். கோயிலுக்கு நடந்து போகிற தூரம். மலையில் மொட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் தாயாரைப் பார்க்க இங்கே தங்குவார்கள். மாடி முழுக்க அவர்களுடைய ஈர வேட்டிகளும் புடவைகளும் கொடியில் ஆடிக்கொண்டிருக்கும். அவள் வழக்கம்போலக் கேட்டாள், பகலில் மாடிக்கு யார் வருவார்கள் என்று. மேனேஜர் மங்கம்மாவைக் காட்டினார். நகரிப் பக்கத்துத் தமிழ்க்காரி. ரூம் துடைத்து, படுக்கை விரிப்புகளை மாடியில் காயப்போட்டு எடுக்கிறவள். ஐம்பதுக்கு மேலிருக்கும். அவளும் குள்ளம்.

படிக்கட்டுக் கதவைத் திறந்ததும் வலது கைப் பக்கச் சுவரில் மங்கம்மா கையைத் தூக்கினாள். நீலக் கோடு விழுந்தது. பின்னாலிருந்து இழுத்தபோது, "ஐய, சீலை அவுந்துடப் போவுது" என்று மங்கம்மா மாடி அதிரச் சிரித்தாள். "எடம் போதும்" என்றாள் மேஸ்திரிம்மா. மங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மேஸ்திரிம்மா அவளுடைய பட்டன் போனை வாங்கி, ரெண்டை அழுத்திப் பிடித்தால் தனக்கு வருகிற மாதிரி செய்துகொடுத்தாள். ஓனர் நம்பரை அவள் வாங்கிக்கொண்டதே இல்லை.

பெட்டி மாட்டுகிற அன்று அவள் வேறொரு வீட்டு மீட்டருக்காகச் சித்தூர் கரெண்டு ஆபீசுக்குப் போகவேண்டியிருந்தது. நானும் ரமணாவும் போனோம். மேனேஜர் மாடிக்கு வந்து, கோட்டைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று தலையாட்டினார்.

"இக்கட வேணாம்ப்பா. மொட்டைங்க துணி காயப்போடுற எடம். எவனாச்சும் அந்தப் புடியிலயே ஜட்டியை மாட்டுவான். அது இல்லாம, கரெண்டு சாமான் அக்னி மூலையிலதான் இருக்கணும்னு ஓனரு சொல்லிட்டாரு. வாஸ்து பாத்துக் கட்டின பில்டிங்."

தென்கிழக்கு மூலையில் மேடை கட்டி இரண்டு கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள் வைத்திருந்தார்கள். தொட்டிகளுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து, ஒரு முழ அகலம் இருக்கும். அதன் கடைசியில் ஒரு தூண். அதில் வைக்கலாம் என்றார்.

நான் பக்கவாட்டில் நுழைந்து கையை நீட்டிப் பார்த்தேன். எனக்கு எட்டியது.

அன்று மத்தியானம் ஓமன் விசாவுக்கு மெடிக்கல் இருந்தது. இங்கே வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, சொந்த ஊர்ப் பக்கம் எனக்கு எட்டு மாதம் என்பது அதிகம். தூணில் வைத்தால் குழாயும் ஒயரும் பாதி, சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும். மேனேஜர் சொன்னதும் நியாயமாகத்தான் தோன்றியது. வைத்துவிட்டேன். மங்கம்மா விரிப்பு எடுக்க வந்தவள், "கோட்டுல வெக்கலியா?" என்று கேட்டாள். ஏதோ சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் போன் வந்தது.

"கோட்டுல வெச்சிட்டீங்களா அண்ணா?"

"வெச்சிட்டேன்மா."

"மங்கம்மா தொட்டாங்களா?"

"தொட்டாங்க."

மறுநாள் கம்பெனி அவளைக் குப்பம் பக்கம் ஒரு பெரிய வேலைக்கு அனுப்பியது. லாட்ஜில் கடைசி இணைப்பு கொடுத்ததும் நான்தான். அவள் திரும்பி வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. வந்ததிலிருந்து, "திருச்சானூரை ஒருவாட்டி பாத்துட்டு வந்துடணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "பர்வாலேதும்மா, நல்லா ஓடுது" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். லீவு நாளில் போய் மாற்றி வைத்துவிடலாம் என்று இரண்டுமுறை கிளம்பினேன். ஒருமுறை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். மாற்றினால் மேனேஜர் கேட்பார், அவளுக்குத் தெரிந்துவிடும். மாற்றாவிட்டால் ஒருவேளை யாருக்கும் எதுவும் தெரியாமலேயே நான் ஓமன் போய்விடலாம். இப்படித்தான் என் புத்தி போனது. இரவில் தூக்கம் வந்தது. பகலில்தான் அவள் யாராவது ஒரு அம்மாவிடம் "எக்காதீங்க" என்னும்போதெல்லாம் எதையோ தேடுகிறவன்போலப் பைக்குள் குனிந்துகொள்வேன்.

கார்த்திகை உற்சவம் வந்தது. திருச்சானூரில் கால் வைக்க இடமில்லை.

அன்று நாங்கள் திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் இருந்தோம். பதினொரு மணி வெயில். போன் அடித்தது. அவள் கையில் ஸ்பானர் இருந்ததால் அதைச் சத்தமாக வைத்து, பலகையின் சட்டத்தில் சாய்த்துவைத்தாள்.

"கண்ணு, நான் மங்கம்மா பேசுறேன். மாடியில பொக வருது."

"எங்கேர்ந்து?"

"பொட்டியிலேர்ந்து. சடசடன்னு பட்டாசு மாதிரி கேக்குது."

அவள் குரல் மாறவில்லை. "பயப்படாதீங்க. கதவாண்ட போங்க. அன்னைக்கு கோடு போட்டோமே, கையை வெச்சீங்களே, அங்க செவப்புப் புடி இருக்கும். அதைத் திருப்புங்க. துணி எதுவும் ஈரமா இருக்கக் கூடாது கையில."

போனில் அவள் செருப்புச் சத்தம் கதவை நோக்கிப் போனது.

"கதவாண்ட ஒண்ணும் இல்லியே கண்ணு. உன் கோடு மட்டும்தான் கீது. பொட்டியை அந்தாண்ட தொட்டிக்குப் பின்னால இல்ல வெச்சிக்கிறாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு கண் சிமிட்டுகிற நேரம்தான். பிறகு போன் பக்கம் திரும்பிவிட்டாள்.

"நான் எட்டிப் பாக்குறேன் இரு" என்றது மங்கம்மாவின் குரல். "நாற்காலி போட்டுக்கினு சந்துல கையை வுட்டா எட்டும். இதோ, எடுத்தாந்துட்டேன்."

"ஏறாதீங்க!"

அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. ரமணா கையிலிருந்த போல்ட்டுகளைக் கீழே போட்டுவிட்டான்.

"மங்கம்மா, ஏறாதீங்க. அந்த நாற்காலியைத் தூக்கி வீசுங்க. வீசுற சத்தம் எனக்குக் கேக்கணும்."

எங்கோ பிளாஸ்டிக் தரையில் மோதி உருளுகிற சத்தம் போனில் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவள் மூச்சு விட்டாள்.

"மாடியில யாராச்சும் கீறாங்களா?"

"மொட்டை போட்டுக்கினு வந்தவங்க பத்துப் பேரு கீறாங்க. எல்லாம் பொகையைப் பாத்துக்கினு நிக்குதுங்க."

"கீழ ரூமுங்கள்ல இருக்கிற காஞ்ச கம்பளி எல்லாத்தையும் கொண்டாரச் சொல்லுங்க. பலகை மேல போர்த்துங்க. கண்ணாடி ஒரு விரல் கூடத் தெரியக் கூடாது. ஈரத் துணி வேணாம். ஒயரைத் தொடக் கூடாது. தொட்டிப் பக்கம் ஒருத்தரையும் வுடாதீங்க. நான் வர்றேன்."

ஸ்கூட்டரை அவள் ஓட்டினாள். நான் பின்னால் பையோடு உட்கார்ந்தேன். போனை என் கையில் கொடுத்து, "அவங்களைப் பேசிக்கினே இருக்கச் சொல்லுங்க, லைன் அறுக்க வேணாம்" என்றாள். வழியெல்லாம் அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

மங்கம்மா பேசினாள். கம்பளி வந்துவிட்டது என்றாள். நாலு பலகை மூடியாகிவிட்டது என்றாள். நான் "ம், ம்" என்றேன். என் குரலை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீதானப்பா அன்னைக்கு வெச்சது? அப்பவே கேட்டேனே, கோட்டுல வெக்கலியான்னு. மேஸ்திரிம்மாதான் மாத்தச் சொன்னாங்கன்னு சொன்னியே."

போன் சத்தமாகத்தான் இருந்தது. முன்னால் அவள் தோள் அசையவில்லை. வண்டி வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

திருச்சானூர் தெருவில் ஷேர் ஆட்டோக்களும் பஸ்களும் கூட்டமும் அடைத்துக்கொண்டு நின்றன. ஸ்கூட்டரை ஒரு பூக்கடை ஓரம் சாய்த்துவிட்டு ஓடினோம். லாட்ஜ் வாசலில் மேனேஜர் எதிரே வந்தார். "மெயின் ஆஃப் பண்ணிட்டேன்மா!"

"மெயினை அணைச்சா பலகைக்குத் தெரியாது சார்" என்று சொல்லிக்கொண்டே படியேறினாள்.

மாடியில் பழுப்புக் கம்பளிகள் போர்த்திய பலகைகள், ஆள் ஆளாகப் படுத்திருப்பதுபோல் வரிசையாக இருந்தன. சந்தனம் பூசிய மொட்டைத் தலைக்காரர்கள் கம்பளியின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மங்கம்மா சந்தின் வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் புகை மெலிந்து வந்துகொண்டிருந்தது. சத்தம் அடங்கியிருந்தது, நிற்கவில்லை. உற்சவக் கூட்டத்துக்காக விடாமல் மோட்டார் போட்டிருக்கிறார்கள். தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் நேராகப் பெட்டியின் தலையில் இறங்கியிருந்தது. சந்தின் தரை முழுக்க ஈரம்.

அவள் ஒரு காய்ந்த கம்பளியை மடித்து ஈரத்தின் மேல் போட்டாள். ரப்பர் பூட்சும் கையுறையும் மாட்டினாள். கொடியிலிருந்து காய்ந்த பருத்திப் புடவை ஒன்றை உருவி, இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். சந்தில் இரண்டாவது ஆள் நிற்க முடியாது. இழுப்பவர் வெளியே, புடவை நீளத்துக்குத் தள்ளித்தான் நிற்க வேண்டும். நான் முன்னால் போய், மறுமுனையை வாங்கக் கை நீட்டினேன்.

அவள் அதை மங்கம்மாவிடம் கொடுத்தாள்.

"நான் 'ம், ம்'னு சொல்லிக்கினே இருப்பேன். சத்தம் நின்னா இஸ்துடுங்க. கிட்ட வராதீங்க. என்னைத் தொடாதீங்க." பிறகு என் பக்கம் பார்க்காமல், "அண்ணா, நீங்க அந்தக் கடைசிப் பலகையில கம்பளி பறக்காம புடிச்சிக்குங்க" என்றாள்.

போய்ப் பிடித்துக்கொண்டேன். காற்று ஒன்றும் அடிக்கவில்லை.

அங்கிருந்து அவள் முதுகு தெரிந்தது. பக்கவாட்டில் நுழைந்தாள். கையை நீட்டினாள். எட்டவில்லை. இன்னும் ஒரு அடி. "ம். ம்." மறுபடி நீட்டினாள். ஊரில் இருக்கிற எல்லா அம்மாக்களிடமும் எக்காதீங்க என்று சொன்னவள், இரண்டு குதிகாலையும் தூக்கிக்கொண்டு எக்கினாள். அந்தக் குதிகால்கள் நடுங்கியதை நான் பார்த்தேன். "ம். ம்." ஒரு மொட்டைக்காரர் கோவிந்தா என்று முணுமுணுத்தார். "ம்." ஏதோ வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

அதன்பின் அவள் சத்தம் வரவில்லை.

மங்கம்மா இழுத்தாள். குடம் குடமாகத் தண்ணீரும் மூட்டை மூட்டையாக ஈர விரிப்பும் சுமந்த கைகள். மேஸ்திரிம்மா தோள் சுவரில் உரச வெளியே வந்து, மங்கம்மா மேல் விழுந்தாள். இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள். கையுறையில் புகை. மணிக்கட்டில் உருகின பிளாஸ்டிக் ஒட்டி, புளியங்கொட்டை அளவுக்குத் தோல் போயிருந்தது.

"திரும்பிடுச்சி" என்றாள் அவள். "அதான் மூச்சு வுட்டுட்டேன்."

"நீ செத்துட்டன்னு நெனச்சேன்டி" என்று சொல்லிவிட்டு மங்கம்மா அழ ஆரம்பித்தாள்.

மேனேஜர் கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக வந்து, "உங்காளு ஒப்புக்கினுதான்மா வெச்சாரு" என்றார்.

"தெரியும் சார்."

அதற்குப் பிறகு பத்து நாள்தான் அவளிடம் வேலை செய்தேன். அவள் போகச் சொல்லவில்லை. கம்பெனியிலும் என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று ரமணா சொன்னான். துன்னீங்களா அண்ணா என்று எப்போதும்போலக் கேட்டாள். ஓமன் விசா வந்தது, போனேன். அங்கே இரண்டு வருஷம், அப்புறம் ஓசூர், இப்போது வேறு ஊர். அவளை மறுபடி பார்க்கவில்லை. ஆனால் அந்த நாள் அத்துடன் முடியவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

வெயில் சாய்ந்ததும், கம்பெனியிலிருந்து புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள். என்னைத்தான் மாட்டச் சொன்னாள். கதவுக்கு வலப்பக்கம், சன்ஷேடுக்குக் கீழே, நீலக் கோடு அழியாமல் அப்படியே இருந்தது. துணி காயப்போடுகிறவர்கள் கைவைப்பார்களே என்று மேனேஜர் மறுபடி இழுத்தார். "பொட்டி இங்கதான் சார். கொடியை அந்தாண்ட மாத்திக் கட்டுங்க" என்றாள். கட்டினார்கள். நான் கோட்டின் மேல் கைப்பிடி வருகிற மாதிரி வைத்து நாலு திருகாணியும் முடுக்கினேன். மங்கம்மா வந்து தொட்டாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"நீங்களும் நில்லுங்கண்ணா" என்றாள் மேஸ்திரிம்மா.

செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். கைப்பிடி என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அதில் கைவைத்தேன். அவள் எனக்குப் பின்னால் வந்தாள். கட்டுப் போட்ட கையால் என் சட்டையைப் பிடித்தது தெரிந்தது. பிடித்தபடியே நின்றாள். கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்துகொண்டிருந்தது. இழுக்கப்போகிறாள் என்று தெரிந்து காலை அழுத்தி ஊன்றிக்கொண்டேன். சாரத்தில் நின்ற கால்.

இழுத்தாள்.

மற்றவர்கள் இரண்டு அடி வருவார்கள். நான் நாலு அடி பின்னால் போய், மல்லாந்து விழுந்தேன். தலை எதிலும் முட்டவில்லை. வானம் மட்டும் தெரிந்தது.

"எடம் போதும்" என்று சொல்லிவிட்டு, அவள் படியிறங்கிப் போனாள்.